அமைவுக் கோவையும் அலுவலகத் தொலைபேசியும்

பழைய செப்புக்கம்பித் தொலைபேசி தன் இலக்கத்தை அறிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எக்கம்பியில் அது இணைக்கப்பட்டதோ அக்கம்பியே அதன் அடையாளமாயிற்று. இன்று அலுவலகங்களிற் காணப்படும் ஐ.பி. தொலைபேசியோ உண்மையில் ஒரு சிறு கணனியாகும். தனது உள்ளிணைப்பு இலக்கம், தான் பதிவுசெய்துகொள்ள வேண்டிய வழங்கி, அதற்குரிய கடவுச்சொல் ஆகியவற்றை அறிந்தாலன்றி அது பேசாது. இரண்டொரு கருவிகளாயின் இவற்றைக் கையாலேயே உட்புகுத்திவிடலாம். இருநூறு மேசைகளுக்கு அவ்வாறு செய்வது வீண் உழைப்பு, பிழைகளுக்கும் இடமளிப்பது. அமைவுக் கோவை முறை தோன்றியமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இம்முறை இயங்குமாற்றை நோக்குவோம். வலையமைப்பில் இணைக்கப்பட்டதும் தொலைபேசி டீ.எச்.சீ.பீ. என்னும் நெறிமுறை வழியாகத் தனக்கொரு முகவரியைக் கேட்கின்றது. கிடைக்கும் விடையில், கோவைகளை வைத்திருக்கும் வழங்கியின் பெயரும் 66ஆம் தெரிவாக இடம்பெறலாம். சிஸ்கோ கருவிகள் 150ஆம் தெரிவையும் நாடுவன. பின்னர் தொலைபேசி அவ்வழங்கியை அணுகித் தனது மக் முகவரியைப் பெயரிற் கொண்ட கோவையைக் கேட்கின்றது. அம்முகவரி பன்னிரண்டு பதினறும எண்களாலானது. பொதுவாக முதல் ஆறு உற்பத்தியாளரையும் ஏனைய ஆறு தனிக் கருவியையும் சுட்டும். நேரவலயம், மொழி போன்றவை பொதுக் கோவையிலும், இலக்கமும் கடவுச்சொல்லும் தனிக் கோவையிலும் எழுதப்படுவது வழக்கம். பொதுக் கோவையில் ஒரு வரியை மாற்றினால், கருவிகள் அதனை மீண்டும் படிக்கும்போது அலுவலகம் முழுவதும் மாறிவிடும்.

ஆனால் இவ்வசதியின் அடித்தளம் எத்தகையது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். கோவைகளைக் கொண்டுசெல்ல நெடுங்காலம் பயன்பட்டுவரும் ரீ.எப்.ரீ.பீ. நெறிமுறை 1981இல் வரையறுக்கப்பட்டு, 1992இல் திருத்தி வெளியிடப்பட்டது. சிறிய நினைவகத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மிக எளிமையாக ஆக்கப்பட்ட இந்நெறிமுறையில், கேட்பவர் யாரென வினவும் ஏற்பாடே இல்லை. கோவையின் பெயரைச் சரியாகச் சொன்னவர் எவராயினும் அதனைப் பெறுவர். அப்பெயருக்கு ஆதாரமான மக் முகவரியோ பெரும்பாலும் கருவியின் அடிப்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்! ஓர் உற்பத்தியாளர் முன்னொட்டுக்குள் அடங்கக்கூடிய முகவரிகள் 1,67,77,216 மட்டுமே. வழங்கி இணையத்துக்குத் திறந்திருப்பின், இவற்றை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்ப்பது இயந்திரத்துக்கு அரிய காரியமன்று.

கடவுச்சொல்லைக் கைப்பற்றியவர், தொலைபேசிச் சேவை வெளியிலிருந்தும் பதிவை ஏற்குமாயின், வேறொரு நாட்டிலிருந்தவாறே அவ்விலக்கமாகப் பதிந்து வெளிநாட்டு அழைப்புகளை எடுக்கலாம். கட்டணம் அலுவலகத்தைச் சாரும். ஐயமோ அம்மேசையிலிருந்த எழுதுவினைஞரைச் சாரக்கூடும். ஏனெனில் அழைப்புப் பதிவேட்டிற் காணப்படுவது அவருடைய இலக்கமே. கோவை எழுதியவரின் கவனக்குறைவு அவ்வேட்டில் இடம்பெறுவதில்லை.

இதற்குப் பரிகாரங்கள் இல்லாமலில்லை. எச்.ரீ.ரீ.பீ.எஸ். வழியாகக் கோவைகளை வழங்குதலும், தொழிற்சாலையிலேயே கருவியிற் பதிக்கப்படும் சான்றிதழைக்கொண்டு வழங்கி தொலைபேசியையும், தொலைபேசி வழங்கியையும் சரிபார்த்தலும் இன்று பல கருவிகளில் இயலும். எனினும், ஒருமுறை இயங்கத் தொடங்கிய முறையை எவரும் திரும்பிப் பார்ப்பது அரிது. கழித்துவிடப்பட்ட தொலைபேசியின் கோவை, கடவுச்சொல்லும் மாற்றப்படாது, வழங்கியில் ஆண்டுக்கணக்கிற் கிடந்துவிடலாம். கருவியை அகற்றும் அன்றே கோவையையும் நீக்கிக் கடவுச்சொல்லையும் மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதை அலுவலகம் முன்னரே எழுத்தில் வகுத்தல் வேண்டும்.