பள்ளிச் சூழல் திட்டங்களும் சிறு நிதியுதவியும்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. அந்நகருக்கு 1974 ஆம் ஆண்டு முதல் காவிரி நீர் வழங்கப்பட்டு வருகின்றது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் இந்நீர், வழியிலுள்ள நீரேற்று நிலையங்களினால் படிப்படியாகச் சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்படுகின்றது. 1,000 லிட்டர் நீரை இவ்வுயரத்திற்குத் தூக்க, இயந்திரங்களில் ஏற்படும் இழப்பைச் சேர்க்காமலே, 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும்.

இந்நகரின் பள்ளியொன்றில் ஒரு குழாய் நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டுகின்றது என்று கொள்வோம். சுமார் 20 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் ஆகும். எனவே நாளொன்றுக்கு 4.3 லிட்டரும் ஆண்டொன்றுக்கு 1,570 லிட்டரும் வீணாகின்றன. இத்தகைய குழாய்கள் ஐந்து இருப்பின், இழப்பு ஏறத்தாழ 7,900 லிட்டர். அதனை ஏற்றுவதற்குச் செலவான மின்சாரம் பத்து யூனிட்டிற்கும் மேல். இதனை மாணவர் தாமே கண்டறிய வேண்டுவன ஓர் அளவு ஜாடியும் கடிகாரமுமே. குறையைப் பெரும்பாலும் ஒரு வாஷரைக் கொண்டே நீக்கிவிடலாம். மாணவரே முன்னின்று நடத்தக்கூடிய சூழல் திட்டத்திற்கு இதனைக் காட்டிலும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இத்தகைய முயற்சிகளுக்கென மத்திய அரசு பல ஆண்டுகளாகச் சிறு தொகைகளை வழங்கி வந்துள்ளது. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-02 ஆம் ஆண்டில் தேசிய பசுமைப் படையைத் தொடங்கியபொழுது, ஒவ்வொரு பள்ளியின் சூழல் மன்றத்திற்கும் ஆண்டுக்கு 1,000 ரூபாய் அளிக்கப்பட்டது. பின்னர் இத்தொகை 2,500 ரூபாயாகவும், அதன்பின் 5,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2018-19 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலும் இளைஞர் மற்றும் சூழல் மன்றங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டமோ, தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவரின் வங்கிக் கணக்கிலேயே 10,000 ரூபாயைச் செலுத்துமாறு வகுக்கப்பட்டது.

தொகை சிறிது என்பது பொதுவாகக் கூறப்படும் குறை. ஆயினும் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. பல பள்ளிகளில் எதனைச் செய்வது என்று ஆசிரியர் முடிவு செய்கின்றார். மாணவர் வரிசையில் நின்று பார்க்கின்றனர். ஜூன் மாதத்தில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. தென்மேற்குப் பருவமழை அவற்றைக் காக்கின்றது. அடுத்த ஏப்ரல், மே மாதங்களில், வெயில் கடுமையாகும் வேளையில், பள்ளி விடுமுறையில் மூடிக் கிடக்கின்றது. தண்ணீர் ஊற்றுவார் இன்றிக் கன்றுகள் கருகுகின்றன. மறு ஜூனில் அதே குழிகளில் புதிய கன்றுகள்! செலவுக் கணக்கில் பிழையில்லை. ஆனால் மரமும் இல்லை, மாணவர் கற்ற பாடமும் இல்லை.

இந்நிலை மாற மூன்று செய்திகளை ஆசிரியர் கருத்திற் கொள்ளுதல் நன்று. முதலாவதாக, கேள்வி மாணவருடையதாக இருத்தல் வேண்டும். அது தம் பள்ளி வளாகத்திலேயே எழுந்ததாகவும் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, பணியைத் தொடங்கும் முன்னரும் முடித்த பின்னரும் அளவெடுத்துக் குறித்தல் வேண்டும். மூன்றாவதாக, விடுமுறையில் பராமரிப்பவர் யார் என்பது தொகை செலவாகும் முன்னரே எழுதப்பட வேண்டும்.

மழைநீர்ச் சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 970 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆகவே 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில், ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும், ஆண்டில் 77,000 லிட்டருக்கு மேல் சேரும். ஆனால் 5,000 ரூபாயைக் கொண்டு இவ்வளவு நீரையும் தேக்கும் தொட்டியைக் கட்ட இயலாது. இவ்வுண்மையை மாணவர் தாமே கணக்கிட்டு அறிதல் வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்றை மட்டும் திருப்பி, முதல் மழையின் அழுக்கு நீரை ஒதுக்கி, எஞ்சியதை ஒரு பீப்பாயில் பிடித்துத் தோட்டத்திற்குப் பயன்படுத்த அத்தொகை உதவும். பக்கங்கள் நேரான ஒரு கண்ணாடிப் பாத்திரமும் அளவுகோலும் மழைமானியாகப் பயன்படும். எத்தனை மில்லிமீட்டர் மழைக்குப் பீப்பாய் நிரம்பி வழிகின்றது என்று ஒரு பருவம் முழுவதும் குறித்து வந்தால், பெரிய தொட்டி வேண்டும் என்ற அடுத்த ஆண்டு விண்ணப்பத்திற்கு அக்குறிப்பே வலுவான சான்றாகும்.

சிறு தொகையின் பயன் இத்துடன் முடிவதில்லை. வரம்பு சிறிதாயிருப்பதனால், எது முதன்மை, எதனைத் தள்ளிவைக்கலாம் என்று மாணவர் கூடி ஆராய நேரிடுகின்றது. கணக்கேடு அவர்கள் கையில் இருக்கட்டும். விலை விசாரிப்பதும் அவர்களே ஆகட்டும். பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் இயங்கும் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், 1970களின் பிற்பகுதியிலிருந்து பொறியியல் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதியுதவி அளித்து வருகின்றது. கல்லூரியில் நடைபெறுவதைப் பள்ளியில் எளிய அளவில் தொடங்கத் தடையேதும் இல்லை.

களப் பணியாளருக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. பார்வையிடச் செல்லும்போது, "எத்தனை கன்று நட்டீர்கள்?" என்று கேட்பதே வழக்கம். "சென்ற ஆண்டு நட்டவற்றில் எத்தனை உயிரோடுள்ளன? எஞ்சியவை ஏன் பட்டுப்போயின?" என்று கேட்டால், மாணவர் வேறு வகையில் சிந்திக்கத் தொடங்குவர். செலவுச் சீட்டுகளோடு அளவுக் குறிப்பேட்டையும் கேட்டுப் பார்த்தல் அவசியம். கைகூடாத முயற்சியையும், காரணம் தெளிவாக எழுதப்பட்டிருப்பின், முழுமையான அறிக்கையாக ஏற்றல் வேண்டும். தோல்வியை மறைத்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும் என்ற எண்ணம் பரவிவிட்டால், பள்ளிகள் உண்மையை எழுதுவதை விட்டுவிடும்.

2024 ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூருவின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. நீருக்காக மக்கள் லாரிகளை எதிர்நோக்கினர். அந்நகரின் தேவையைப் பள்ளிப் பீப்பாய் தீர்த்துவிடாது. எனினும் நாளை அந்நகரில் வீடு கட்டுவோரும், வார்டுகளை நிர்வகிப்போரும், நீர்க் குழாய்களைப் பராமரிப்போரும் இன்று வகுப்பறையில் உள்ளனர். நீரை அளந்தறியும் பழக்கமும், எடுத்த பணியை விடாது பேணும் பழக்கமும் அவர்களிடம் வேரூன்றுமாயின், கொடுத்த சில ஆயிரம் ரூபாய் நற்செலவே எனக் கொள்ளலாம்.