கோரைக்கிழங்காய் ஒளிந்திருக்கும் ஒற்றன்: வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்வது எப்படி?

நானாட்டான் வயல்காரருக்குக் கோரையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேலே தெரியும் புல்லைப் பிடுங்கினால் கைநிறைய வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அடுத்த தண்ணீர் பாய்ந்ததும் பழையபடி தலைகாட்டும். பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிய கணினிக்குள் புகுந்த உளவு மென்பொருளும் இந்தச் சாதிதான். அழித்துவிட்டோம் என்று இரவு நிம்மதியாக அணைப்போம். காலையில் திறந்தால் அதே விளம்பரம், நாம் வைக்காத அதே முகப்புப் பக்கம்.

அது ஏன் போக மறுக்கிறது, எப்படிப் போக்குவது?

அடையாளங்கள்

உளவு மென்பொருள் பெரும்பாலும் கணினியைக் கெடுப்பதில்லை; கெட்டுவிட்டால் அதற்கு வேலை இல்லை. நீங்கள் தட்டும் எழுத்துகளையும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் எடுத்து வெளியே அனுப்புவதே அதன் தொழில். ஆகவே ஓசையில்லாமல் இருக்கவே பார்க்கும். ஆனாலும் சில தடயங்கள் தெரியும்: தேடினால் வேறு தளம் திறக்கும்; உலாவியை மூடிய பிறகும் விளம்பரம் குதிக்கும்; வைரஸ் தடுப்பு மென்பொருள் திறக்காது அல்லது இற்றைப்படாது; நீங்கள் அனுப்பாத செய்தி உங்கள் பெயரில் உறவினருக்குப் போயிருக்கும்.

எந்த வழியால் வந்தது?

பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து விட்டிருப்போம். காசு கொடுக்காமல் மென்பொருளை ஓடவைக்கும் ‘கிராக்’, விண்டோஸைப் பூட்டுடைக்கும் ‘அக்டிவேட்டர்’, இலவச வீடியோ பிளேயர், உலாவியில் ஒட்டிக்கொள்ளும் துணைநிரல் ஆகியவை முதல் வழி. பென் டிரைவ் இரண்டாவது. கொமினிகேஷனில் அச்செடுத்துக்கொண்டு வரும்போது கோப்புறைகள் ‘ஷோர்ட்கட்’டாக மாறியிருந்தால், அதைத் தட்டியவுடன் வேண்டாத விருந்தாளி உள்ளே வந்துவிடுவார். 2008இல் உலகைச் சுற்றிய கொன்பிக்கர் என்ற புழு பென் டிரைவ் வழியாகவும் பரவியது.

ஏன் போக மறுக்கிறது?

பிடிவாதமான உளவு மென்பொருள் ஒரே இடத்தில் குடியிருக்காது. விண்டோஸ் தொடங்கும்போது ஓடும் பட்டியலில் ஒரு கிழங்கு, குறித்த நேரத்தில் தானே இயங்கும் ‘டாஸ்க் ஷெடியூலர்’ பட்டியலில் இன்னொன்று, உலாவியின் துணைநிரலாக மூன்றாவது. சிலவற்றில் இரண்டு செயல்கள் ஒன்றையொன்று காவல் காக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது உடனே எழுப்பிவிடும். ‘ரூட்கிட்’ என்ற வகை, விண்டோஸின் கண்ணிலிருந்தே தன்னை மறைத்துக்கொள்ளும்.

பெரிய கம்பனிகளே இதைச் செய்த கதை உண்டு. சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைத்தட்டுகளைப் பிரதி எடுப்பதைத் தடுக்க, வாங்குபவரின் கணினியில் ஒரு ரூட்கிட்டை ஓசையின்றி நிறுவியது. மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர் 2005 ஒக்டோபர் 31ஆம் திகதி அதை அம்பலப்படுத்தினார். அதைக் கையால் பிடுங்கியபோது அவருடைய கணினியில் சீடி டிரைவே காணாமற்போனது. தெரியாத கோப்புகளைக் கண்டபடி அழிக்கக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒழுங்காகச் செய்யவேண்டியவை

1. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். டொங்கிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். வயலில் மருந்தடிக்கும் முன் வாய்க்கால் தண்ணீரை மறிப்பதைப் போன்றது இது. திருடிய தகவல் வெளியே போவதும் புதிய கட்டளை உள்ளே வருவதும் நின்றுவிடும்.

2. சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, முகநூல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். உலாவியில் ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாமல் இருக்கலாம்.

3. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே பிரதி எடுங்கள். நிறுவும் கோப்புகளையும் கிராக்குகளையும் எடுக்கவேண்டாம்.

4. ஷிப்ட் விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் வரும் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், அங்கும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து 4ஐ அழுத்துங்கள். இதுதான் ‘சேஃப் மோட்’. மிக அவசியமானவை மட்டுமே ஓடுவதால் பல ஒற்றர்கள் இங்கே தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிரச்சினை தொடங்கிய நாட்களில் நிறுவப்பட்ட, உங்களுக்குத் தெரியாத புரோகிராம்களை நீக்க இதுவே நேரம்.

5. வழமைபோலத் திறந்து, ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’யின் ஸ்கான் தெரிவுகளில் ‘மைக்ரோசொப்ட் டிபென்டர் ஓஃப்லைன் ஸ்கான்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடுவதால், மறைந்திருக்கும் ரூட்கிட்டும் அகப்பட வாய்ப்பு அதிகம். இது முடிய ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். இதற்குக் காசு இல்லை. இரண்டு வைரஸ் தடுப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். அவை தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளும்.

6. உலாவியின் துணைநிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கி, அமைப்புகளை மீளமையுங்கள். ‘சிங்க்’ வசதி திறந்திருந்தால், நீக்கிய துணைநிரல் உங்கள் கணக்கு வழியாகவே திரும்பிவரக்கூடும். பலர் தவறவிடும் கிழங்கு இதுதான்.

7. கடைசியாக ரௌட்டர். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீம்பொருள், கணினி எந்தத் தளத்துக்குப் போகவேண்டும் என்று கேட்கும் முகவரியையே மாற்றியது. 40 இலட்சம் கணினிகள் அதற்கு இரையாயின. 2011 நவம்பரில் எப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்து, மாற்று சேர்வர்களைத் தற்காலிகமாக ஓடவிட்டது. 2012 ஜூலை 9இல் அவை நிறுத்தப்பட்டதும், அதுவரை சுத்தம் செய்யப்படாத கணினிகளுக்கு இணையமே இல்லாமல் போனது. அந்த முகவரி ரௌட்டரிலும் இருப்பதால், அதையும் மீளமைத்து, அதன் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

இத்தனைக்கும் போகாவிட்டால்

போர்மட்தான். வாரக்கணக்காகக் கிழங்கு தேடுவதைவிட அது சுருக்கமான வழி. சுத்தமான இன்னொரு கணினியில், மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து நிறுவும் கருவியை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, பழைய வட்டுப் பிரிவுகளை அழித்துப் புதிதாக நிறுவவேண்டும்.

பிரதி இருந்தால்தான் போர்மட்டுக்குத் துணிவு வரும். பிரதி இல்லாத இழப்பை அரசாங்கமே அனுபவித்தது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அது உளவு மென்பொருள் அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காலாவதியான மென்பொருளில் சேவை ஓடியதும், இணையத்துக்கு வெளியே பிரதி இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வீட்டில் ஒரு வெளி ஹாட்டிஸ்க் போதும். ஆனால் அதை எப்போதும் செருகியே வைக்கக்கூடாது.

திருத்தும் கடைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: “எந்த விண்டோஸ் போடுறியள்?” போர்மட் செய்த கையோடு அக்டிவேட்டரும் ஏற்றினால், அதற்காகப் பெரும்பாலும் டிபென்டரை முதலில் நிறுத்திவைப்பார்கள். கோரையைப் பிடுங்கிய வயலில் கோரைக்கிழங்கையே நடுவதற்கு அது சமம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது என்பதையும் மறக்கவேண்டாம்.

வங்கிக் கணக்கிலோ அந்தரங்கப் படங்களிலோ யாரும் கைவைத்ததாகச் சந்தேகம் வந்தால் வெட்கப்பட்டு மூடிவைக்காதீர்கள். முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது 2006 முதல் இயங்கிவரும், இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்புக்கு. அதன் இலக்கம் 101. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம்.