லோரித் தொட்டிக்குள் செம்பனை

மாணவர்களே, பாசீர் கூடாங் சாலையில் ஓடும் லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். 2019 பிப்ரவரி முதல் அவற்றுக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை மெத்தில் எஸ்டர் கலக்கப்படுகிறது. அதுதான் பி10. செம்பனை எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்தால் இந்த எஸ்டரும் கிளிசராலும் கிடைக்கும்.

எஸ்டர் நல்ல கரைப்பான். பழைய தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை அது இளக்கிவிடும். கசடு வடிகட்டியை அடைத்தால், மேடேறும்போது லோரி திணறும். திட்டு வாங்குவது என்னவோ பயோடீசல்தான்! கலப்பு விகிதம் கூடுமுன் தொட்டியைக் கழுவி, மாற்று வடிகட்டியும் கைவசம் வைத்திருந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. இயந்திரக் கையேடு எத்தனை விழுக்காடு வரை அனுமதிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இயற்கை ரப்பர் குழாய்கள் எஸ்டரில் ஊறி உப்பிவிடும், மாற்றுவதே நல்லது.

டீசலைவிட எஸ்டர் ஈரத்தை அதிகம் ஈர்க்கும். லோரியைப் பல வாரம் நிறுத்திவைத்தால் தொட்டியின் அடியில் நீர் சேரும். அங்கே நுண்ணுயிர்கள் குடியேறும்.