தேடலுக்கு ஒரு கெடு

2016 ஜூலை 20 அன்று, புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கிக் கிடந்தது. ஒரு பதிவில், ஒரே வரியில் இருந்த ஏறத்தாழ 20,000 வெற்று இடைவெளிகளே காரணம். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் விழுமே, அதேதான்.

வரியின் இரு ஓரத்திலும் கிடக்கும் இடைவெளியை நறுக்கித் தள்ள அங்கே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்திருந்தார்கள். சுருக்கமாக ரெஜெக்ஸ் என்பார்கள். இன்ன மாதிரி எழுத்துத் தொடரைத் தேடு என்று கணினிக்குக் குறியீட்டில் சொல்லும் முறை அது. படிவத்தில் நாம் தரும் மின்னஞ்சல் முகவரி சரியா என்று பார்ப்பதும் பெரும்பாலும் இதுதான். அன்றைக்கு அந்த 20,000 இடைவெளிக்கும் பிறகு ஓர் எழுத்து நின்றது. வரி அங்கே முடியவில்லை. முதல் இடைவெளியிலிருந்து 20,000 அடி நடந்து ஏமாந்த ரெஜெக்ஸ் எஞ்சின், திரும்பி வந்து இரண்டாவதிலிருந்து 19,999 அடி நடந்தது. பிறகு மூன்றாவதிலிருந்து. கூட்டிப் பாருங்கள், 20 கோடி அடி.

இதையும் மிஞ்சும் வகை ஒன்று உண்டு. (அ+)+$ என்று எழுதினால், ‘அ’க்கள் சேர்ந்த கூட்டங்கள் ஒன்றோ பலவோ வந்து, அதோடு வரி முடிய வேண்டும் என்று பொருள். இதனிடம் ‘அஅஅஅ!’ என்று கொடுப்போம். நாலையும் ஒரே கூட்டமாக எடுக்கலாம், மூன்றும் ஒன்றுமாகப் பிரிக்கலாம், இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம். இப்படி 8 வழி. எட்டிலும் போய் அந்த ஆச்சரியக்குறியில் முட்டித் திரும்பினால்தான் ‘இல்லை’ என்று சொல்லும். ஓர் ‘அ’ கூடினால் வழிகள் 16. முப்பது ‘அ’ என்றால் 53 கோடிக்கு மேல். நாற்பது என்றால் 54,000 கோடியைத் தாண்டிவிடும். ஒரு குழந்தை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் விடைக்கு இவ்வளவு அலைச்சல்!

இப்படி முட்டித் திரும்பிப் பின்வாங்காமல் தேடும் வழியைக் கணினி அறிஞர் கென் தாம்சன் 1968-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். எல்லா வாய்ப்புகளையும் ஒருசேரக் கையில் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக முன்னேறுவது அது. கோ என்ற நிரல் மொழி அந்த வழியில்தான் போகிறது. ஆனால் முன்பு பிடித்த துண்டே மறுபடி வருகிறதா என்று பார்ப்பது போன்ற வசதிகளுக்காகப் பல மொழிகள் பின்வாங்கும் முறையையே வைத்துக்கொண்டன.

அந்த மொழிகளுக்குக் கைகொடுப்பதுதான் கெடு. நிரலாக்கத் தளமான டாட் நெட் 2012-லும், ரூபி மொழி 2022 கிறிஸ்துமஸ் அன்று வந்த 3.2 பதிப்பிலும் இதைக் கொண்டுவந்தன. ஒரு வினாடி என்று சொல்லிவிட்டால், எஞ்சின் நடுநடுவே கடிகாரத்தைப் பார்க்கும். நேரம் கடந்தால் தேடலைக் கைவிட்டுப் பிழை என்று அறிவிக்கும். ரூபி 3.2 இன்னொன்றும் செய்தது. ஒருமுறை தோற்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதால், பல தேடல்களில் அந்த வீண் அலைச்சலே இல்லாமல் போனது.

கெடு தாண்டியது என்றால் ‘முடிக்க முடியவில்லை’ என்று அர்த்தம். அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வது பெரும் ஆபத்து. விஷமத்தனமான உள்ளீட்டைத் தடுக்கும் காவலாக ஒரு ரெஜெக்ஸை நிறுத்தியிருந்தால், அந்த ஒரு தவறில் கதவு திறந்துவிடும்.

2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் கணினிகளை ஒரு ரெஜெக்ஸ் 27 நிமிடம் திணறடித்தது. அந்த நிறுவனத்தை நம்பியிருந்த எண்ணற்ற தளங்களும் கூடவே விழுந்தன. அளவுக்கு மீறி ஓடும் ரெஜெக்ஸைத் தடுக்கும் பாதுகாப்பு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. சில வாரங்களுக்கு முன் நிரலைத் திருத்தி அமைத்தபோது தவறுதலாக அதை நீக்கியிருந்தார்கள்.

ரூபியிலும் டாட் நெட்டிலும் நாமாகச் சொன்னால்தான் கெடு உண்டு. சொல்லாவிட்டால் வரம்பே கிடையாது. வெளியார் தட்டச்சு செய்வதை உங்கள் நிரல் ரெஜெக்ஸால் சோதிக்கிறது என்றால், கெடு விதிக்கும் அந்த ஒரு வரியை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.