தோட்டா வீட்டிலே, உயிர் தராசிலே!

1959-ம் ஆண்டு. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டுக் காடு.

ஜாக் லாட் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் ஒரு காட்டெருமையைச் சுட்டார். அவர் கையில் இருந்தது, ".458 வின்செஸ்டர் மேக்னம்" என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைபிள். குண்டு பட்டும் எருமை சாயவில்லை. பாய்ந்து வந்து அவரைத் தாக்கியது. காயத்தோடு உயிர் தப்பினார்.

இதைவிட வலுவான தோட்டா வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதைத் தாமே உருவாக்கவும் செய்தார்!

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா செய்துகொள்ளும் வேட்டைக்காரர்கள் ஏராளம். எப்படிச் செய்கிறார்கள்?

தங்கம் போல் நிறுக்கும் மருந்து

ஒரு தோட்டாவில் 4 பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு.

சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வருகிறார்கள். புதிய கேப்பு வைக்கிறார்கள். மருந்தை நிறுத்துக் கொட்டுகிறார்கள். குண்டைச் செருகினால் தோட்டா தயார்.

நிறுக்கும் அளவுக்குப் பெயர் "கிரெயின்". 15 கிரெயின் சேர்ந்தால்தான் ஏறத்தாழ 1 கிராம்!

எந்த மருந்து?

எல்லா மருந்தும் ஒன்றல்ல. சில, சட்டென்று எரியும். சில, மெல்ல எரியும். கைத்துப்பாக்கியில் குழல் சிறியது, குண்டு லேசானது. அதற்குச் சட்டென்று எரியும் மருந்து போதும். ரைபிளில் கனமான குண்டை நீண்ட குழல் வழியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மெல்ல எரியும் மருந்துதான் ஏற்றது.

மறதியாகக் கைத்துப்பாக்கி மருந்தை ரைபிள் தோட்டாவில் நிரப்பிவிட்டால்? துப்பாக்கியே வெடித்து, சுடுபவர் முகத்தில் சிதறும்!

மருந்தைக் குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பதும் தவறு. பெரிய கூட்டில் மெல்ல எரியும் மருந்து மிகக் குறைவாக இருந்தால், சில சமயம் அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும்.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். சூடேறிய மருந்து இன்னும் வேகமாக எரியும். குளிர்நாட்டில் சரியாக இருந்த அளவு, ஆப்பிரிக்க வெயிலில் அதிகமாகிவிடலாம்.

எந்தக் குண்டு?

மான், சிங்கம் போன்றவற்றுக்கு ஈய முனையுள்ள மெதுவான குண்டு. உடலில் பட்டதும் அது காளான் போல விரியும். யானைக்கு அது உதவாது. எலும்பைத் துளைத்துச் செல்ல, விரியாத கெட்டிக் குண்டு வேண்டும்.

1946-ல் கனடாவில் ஜான் நாஸ்லர் என்பவர் "மூஸ்" என்னும் பெரிய மானைச் சுட்டார். அதன் தோல்மீது சேறு காய்ந்து அப்பியிருந்தது. குண்டுகள் மேலேயே உடைந்தன, உள்ளே இறங்கவில்லை.

நாஸ்லர் யோசித்தார். குண்டின் நடுவே செம்பு உலோகத்தால் ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் துளைத்துச் செல்லும். 1948-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் விற்கிறது.

திணித்ததால் வந்த வினை

லாட் பயன்படுத்திய .458 தோட்டா 1956-ல் வந்தது. அதன் கூடு குட்டையானது, 2.5 அங்குலம்தான். வேகம் வேண்டும் என்று அதற்குள் மருந்தை அழுத்தித் திணித்தார்கள். அந்த மருந்து நாளடைவில் கட்டிதட்டியது. முழுதும் எரியவில்லை. குண்டின் வேகம் குறைந்தது. பிற்காலத்தில் மருந்தை மாற்றிய பிறகே குறை நீங்கியது.

லாட் என்ன செய்தார்? கூட்டை 2.8 அங்குலமாக நீட்டினார். மருந்துக்கு இடம் கிடைத்தது. 500 கிரெயின் எடையுள்ள குண்டு, அதாவது சுமார் 32 கிராம் குண்டு, விநாடிக்குச் சுமார் 2,300 அடி வேகத்தில் பாய்ந்தது! 1971-ல் உருவான அந்தத் தோட்டாவுக்கு ".458 லாட்" என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரே ஒரு டப்பா

தேர்ந்தவர்கள் மருந்துத் தயாரிப்பாளரின் அளவுப் புத்தகத்தை மீறுவதில்லை. அதில் உள்ள குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகவே ஏற்றுகிறார்கள். வேலை செய்யும்போது மேஜைமீது ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். அருகில் பேச்சுத்துணைக்கும் யாரும் இருப்பதில்லை. சந்தேகம் வந்த தோட்டாவை அவர்கள் சுட்டுப் பார்ப்பதில்லை. பிரித்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து நிறுக்கிறார்கள்.