பலாவு மொழியில் குடியேறிய ஜப்பானியச் சொற்கள்

பசிபிக் தீவு நாடான பலாவுவில், வேலை முடிந்து பீர் குடிக்கப் போவதற்கென்றே ஒரு வினைச்சொல் உண்டு: 'ட்ஸ்கரெனாவோஸ்'. ஜப்பானியத்தில் 'ட்சுகாரே' என்றால் களைப்பு. 'நாவோசு' என்றால் சரிசெய்வது. இரண்டையும் இறுக்கி ஒற்றைச் சொல்லாக்கிவிட்டார்கள் பலாவு மக்கள். டோக்கியோவில் இதைச் சொன்னால் யாருக்கும் பீர் ஞாபகம் வராது.

1914இல் ஜெர்மனியிடமிருந்து ஜப்பான் இத்தீவுகளைக் கைப்பற்றியது. 1922இல் பலாவுவின் கொரோர், ஜப்பானின் தென்கடல் தீவு ஆட்சிக்குத் தலைமையிடமானது. தீவுப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடத்தி, ஜப்பானியத்திலேயே பாடம் சொன்னார்கள். இரண்டாம் உலகப்போரோடு அந்த ஆட்சி போயிற்று, சொற்கள் போகவில்லை. மின்சாரம் இன்றும் 'டெங்கி', விமானம் 'ஸ்கோகி', தேர்தல் 'செங்க்யோ'.

வந்த சொற்களை பலாவு மொழி தன் ஒலிக்கு வளைத்தது. அதன் சொந்த மூக்கொலிகள் 'ம', 'ங' இரண்டே. அதனால் புகைப்படத்தைக் குறிக்கும் 'ஷாஷின்' அங்கே 'சியாசிங்' ஆயிற்று. புத்தகமான 'ஹோன்', 'ஹோங்' ஆயிற்று. ஆனால் 'ட்ஸ்கரெனாவோஸ்' போன்றவற்றில் 'ன' பிழைத்துக்கொண்டது. சொற்களோடு சேர்ந்து ஓர் ஒலியும் குடியேறியிருக்கிறது!

எனக்கு இதைவிட வியப்பளிப்பது இலக்கணம்தான். 'பரவாயில்லை' என்ற பொருளில் வந்த 'டைஜோப்', சொந்தச் சொல்லைப் போலவே 'ங்' என்ற எழுவாய்ச் சொல்லை முன்னே வைத்துக்கொண்டு 'ங் டைஜோப்' என முழு வாக்கியமாகிறது. மனிதர்களைப் பன்மையில் சொல்ல முன்னே சேர்க்கும் 'ரெ', ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்' மீதும் ஏறி 'ரெசென்செய்' ஆகிறது.

உடைமை என்று வரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. வீடு 'ப்ளாய்', என் வீடு 'ப்ளிக்', உன் வீடு 'ப்ளிம்'. உடையவர் யார் என்பது சொல்லின் விகுதியிலேயே அடங்கிவிடும். புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை. 'ஹோங் எர் ஙாக்' என்று 'நான்' என்பதைத் தனிச்சொல்லாகப் பின்னால் வைக்க வேண்டும். கடன் வாங்கிய பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான். நூறாண்டு பழகியும் அந்த விகுதி அவற்றோடு ஒட்டவில்லை.

அந்தப் பள்ளிகளில் படித்த தலைமுறை அநேகமாக மறைந்துவிட்டது. ஜப்பானியமே தெரியாதவர்கள் வாயில்தான் இச்சொற்கள் இப்போது புழங்குகின்றன. 'ஹோங்' என்றாவது ஒருநாள் விகுதி ஏற்குமா என்பதை அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள்.