பிளேயரை மாற்றினால் படம் தெளியுமா?

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், டெலிவிஷன் பெட்டிக்குக் கீழே ஒரு டி.வி.டி. பிளேயரும், அதனருகே தகடுகள் அடுக்கிய அட்டைப் பெட்டி ஒன்றும் இன்றும் இருக்கக் காண்கிறோம். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அப்பளத்தோடும் வடகத்தோடும் சேர்த்து வாங்கி வந்த தகடுகள் அவை. கைபேசியிலேயே படம் பார்க்கும் காலம் இது என்று இளைஞர்கள் கூறலாம். ஆயினும் நாகபுரியில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் தமிழ் உரையாடலைச் செவியாரக் கேட்டதில் அத்தகடுகளுக்கும் பங்குண்டு. அவற்றை எளிதில் கைவிட மனம் ஒப்புவதில்லை.

இவ்வில்லங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்துள்ளது. தவணை முறையில் பெரிய திரையுள்ள புதிய டெலிவிஷன் வாங்குகிறோம். பழைய பெட்டியில் பளிச்சென்று தெரிந்த படம், புதியதில் மங்கித் தோன்றுகிறது. "குறை பிளேயரில்தான், உயர்ந்த ரகமாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். தசராவை ஒட்டிக் கைக்கு வரும் போனஸ் தொகையை இதற்குச் செலவிடலாமா? தீர்மானிக்குமுன் சில உண்மைகளை அறிந்துகொள்வது நலம்.

டி.வி.டி. என்னும் சாதனம் 1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு முறையில் அதன் படம் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 வரிகளும் கொண்டது. ஆக மொத்தம் 4,14,720 புள்ளிகள். இன்றைய எச்.டி. திரையிலோ 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. சரியாக ஐந்து மடங்கு! '4கே' எனப்படும் திரையில் இருபது மடங்கு. இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்தே நிரப்ப வேண்டும். இதையே 'அப்ஸ்கேலிங்' என்று விளம்பரங்களில் பெரிதாக அச்சிடுகின்றனர். இவ்வேலையைப் பிளேயர் செய்யாவிடில் டெலிவிஷனே செய்துகொள்ளும்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதை விளக்க ஓர் உவமை எளிதாகக் கிடைக்கிறது. முன்னாளில் இருவகைப் பாதைகள் சந்தித்த நிலையங்களில், மீட்டர்கேஜ் வண்டியில் வந்த சரக்கை அகலப்பாதை வண்டிக்கு மாற்றி ஏற்றுவார்கள். வண்டி பெரிதாயிற்று என்பதனால் மூட்டைகள் பெருகிவிடுமா? தகட்டில் இல்லாத தெளிவை எந்தப் பிளேயரும் படைத்துத் தர இயலாது.

தகடுகளிலும் தரபேதம் உண்டு. பழைய வி.சி.டி.யின் படம் 352-க்கு 288 புள்ளிகளே, டி.வி.டி.யில் ஏறத்தாழக் கால் பங்கு. டி.வி.டி.யிலும் ஓரடுக்குத் தகடு 4.7 ஜி.பி.யும், ஈரடுக்குத் தகடு 8.5 ஜி.பி.யும் மட்டுமே கொள்ளும். 'மூன்று படங்கள் ஒரே தகட்டில்' என்று மலிவாக வாங்கினோமே, அவற்றில் ஒவ்வொரு படத்தையும் நெருக்கிச் சுருக்கியே அடைத்திருப்பார்கள். தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த படமாயின் கேட்கவே வேண்டாம்.

அப்படியாயின் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு, அதுவும் சொற்பச் செலவில். சென்ற மாதம் குவார்ட்டர்ஸ் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். அவருடைய பிளேயர், டெலிவிஷனோடு மஞ்சள் முனைக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. அந்த ஒற்றைக் கம்பியில் ஒளியும் வண்ணமும் கலந்தே செல்வதால், எழுத்துகளின் ஓரங்களில் வண்ணம் கசியும். பிளேயரின் பின்புறத்திலேயே எச்.டி.எம்.ஐ. துவாரம் ஒன்று பயன்படாமல் கிடந்தது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கம்பியை வாங்கி இணைத்தோம். அதே தகடு, அதே பிளேயர், அதே திரை. பெயர் வரிசையின் எழுத்துகள் கத்தரித்து ஒட்டினாற்போல் தெளிந்தன. இரண்டு முழத் தூரத்துக்கு விலையுயர்ந்த கம்பி தேவையே இல்லை.

செலவே இல்லாத திருத்தம் மற்றொன்றுண்டு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வெளிவந்தது 1973-இல். அதற்கு முற்பட்ட படங்கள் நான்குக்கு மூன்று என்ற அளவில் சதுரத்தை ஒட்டியவை. அவற்றை அகலத் திரை முழுதும் இழுத்து விரித்தால் முகங்கள் அப்பளம்போல் பரந்துவிடும். ரிமோட்டில் பட அளவை '4:3' என மாற்றினால், இருபுறமும் கறுப்புப் பட்டை நிற்குமேயன்றி முகம் முகமாகத் தெரியும்.

பிளேயரில் எச்.டி.எம்.ஐ. துவாரமே இல்லையென்றாலும், நல்ல தகடுகளும் அடிக்கடி நின்று திக்கினாலும் புதியது வாங்குவதில் தவறில்லை. எளிய ரகமே போதும். 2006-இல் விற்பனைக்கு வந்த ப்ளூரே தகடு ஓரடுக்கில் 25 ஜி.பி. கொள்ளும், படமும் உயர்ந்ததே. ஆனால் நாம் விரும்பும் பழைய தமிழ்ப் படங்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வடிவில் வெளிவரவேயில்லை. சில ப்ளூரே பிளேயர்கள் வி.சி.டி.யை ஏற்பதுமில்லை. எதை வாங்கினாலும் வீட்டுத் தகடுகள் இரண்டைக் கடைக்கே எடுத்துச் சென்று ஓட்டிப் பார்த்து வாங்குக.

இனி, படத்தின் தெளிவைவிட முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். அந்த அட்டைப் பெட்டியில் சினிமாத் தகடுகளுக்கு அடியில் நம் இல்லத்துத் திருமணம், வளைகாப்பு, சஷ்டியப்த பூர்த்தி ஆகியவற்றின் தகடுகளும் இருக்கும். நம் நண்பர் இல்லத்தில் அன்றைய சோதனைக்குப்பின் அவர்கள் திருமணத் தகட்டையும் போட்டார்கள். ஆசி கூற முதியவர் ஒருவர் எழுந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாகச் சிதறி நின்றுவிட்டது. அவர் நண்பரின் தந்தையார், இப்போது இல்லை. பேரக் குழந்தைகள் அவர் குரலைக் கேட்டறிய வேறு வழியும் இல்லை.

ஆலையில் அச்சிடும் தகட்டில் படம் குழிகளாகப் பதிகிறது. ஸ்டூடியோவில் எழுதித் தரும் தகட்டிலோ அது சாயப் பூச்சில் பதிகிறது. வெப்பமும் வெயிலும் அச்சாயத்தை நாளடைவில் கெடுத்துவிடும். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நாகபுரியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? திரைப்படத் தகடு கெட்டால் அப்படம் வேறெங்கேனும் கிட்டும். குடும்பத் தகட்டுக்கு மறுபிரதி ஏது?

ஆதலின் போனஸ் தொகையில் முதற்செலவு அவற்றைப் பிரதி செய்வதற்கே ஆகட்டும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, டி.வி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில், சுருக்காமல் உள்ளது உள்ளபடியே ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுக. நூறு ஓரடுக்குத் தகடுகளும் 470 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். ஒரு பிரதி இங்கிருக்க, மற்றொன்றை ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில் வைத்திடுக. அடுத்த செலவு கம்பி. அதன் பின்னரே பிளேயர். வரிசை இவ்வாறாயின், மிச்சமாகும் பணம் ஊர் சென்று வரும் பயணச் செலவுக்கேனும் உதவுமன்றோ!